முரசு வித்வான் பேபி டாட்ஸ்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பழைய முரசுகளைத் தேடிச் சேர்க்கும் வித்வான்கள் பலர் இன்றும் இருக்கின்றனர். ஐம்பது வருஷம் மேடையில் வாசித்து ஓய்ந்தவர்களும் அவர்களுள் உண்டு. சிகாகோவிலும் இண்டியானாபொலிஸிலும் ஏறக்குறைய நூறு வருஷங்களுக்கு முன் செய்யப்பட்ட டிரம்களைப் பழஞ்சாமான் கடைகளிலும் ஏலங்களிலும் கண்டெடுத்து, துருப்பிடித்த திருகுகளுக்கு எண்ணெயிட்டு, கிழிந்த தோலுக்குப் பதிலாகக் கன்றின் தோலையே மறுபடியும் போர்த்தி, அவற்றின் நாதத்தைக் கேட்டு அவர்கள் மகிழ்கின்றனர். புதிய சரக்கு கடைகளில் குவிந்து கிடக்கும்போது இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்போர் கேட்கலாம். இது வெறும் பழமை மோகம் என்றே நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். பேபி டாட்ஸ் என்னும் முரசு வித்வானின் ஜீவிய சரித்திரத்தைப் படித்த பிறகு அவ்வெண்ணம் நம்மை விட்டு அகன்றது. 1959-ம் வருஷத்தில் காலமான அம்மனிதர் பழைய கருவிகளை அவை பழையவை என்பதற்காகப் போற்றியவர் அல்லர். அவற்றால் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்று அவரிடம் இருந்தது. அதனாலேயே அவற்றைக் கைவிட மறுத்தார். அவருடைய சரித்திரத்தைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்கக் கறுப்பு மக்களுக்கும் முரசுக்கும் உள்ள சம்பந்தத்தை அறியாமல் அவர் வாழ்க்கையை அறிய முடியாது. 1739-ம் வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி தென் கரோலினாவில் ஸ்டோனோ நதிக்கரையில் அடிமைகள் கலகம் செய்தனர். கொடி பிடித்து, முரசு கொட்டி, விடுதலையை நாடி அவர்கள் நடந்தனர். கலகம் இரத்த வெள்ளத்தில் அடக்கப்பட்டது. அடுத்த வருஷத்தில் அம்மாகாணத்தார் இயற்றிய அடிமைச் சட்டத்தில், அடிமைகள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்ததோடு முரசும் கொம்பும் முழக்குவதையும் தடுத்தனர். ஒரு ஜாதியாரை அடக்கி ஆளப் புகுந்தவர்கள் துப்பாக்கிக்கு அஞ்சியதுபோலவே தோற்கருவிக்கும் அஞ்சினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. முரசின் முழக்கம் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குச் செய்தி கொண்டு போகும் என்பதை எஜமானர்கள் நன்றாக உணர்ந்திருந்தனர்.

இந்த அடக்குமுறைக்கு நடுவில் ஓர் ஊரில் மட்டும் முரசு முற்றிலும் ஓயாமல் இருந்தது. லூயிஸியானா மாகாணத்தில், மிஸிஸிப்பி மகாநதியின் வளைவில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரமே அது. பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் மாறி மாறி ஆண்ட அந்நகரில் அடிமைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு வழக்கமாக இருந்தது. 1817-ம் வருஷத்தில் நகர சபையார் அடிமைகளின் கூட்டங்களை ஒரே இடத்துக்குக் கட்டுப்படுத்தி விதி செய்தனர். பிற்காலத்தில் காங்கோ சதுக்கம் என்று பிரசித்தி பெற்ற மைதானம் அதுதான். 1819-ல் அங்கே சென்ற லாட்ரோப் என்னும் கட்டடச் சிற்பி, நூற்றுக்கணக்கான கறுப்பு மக்கள் வட்டம் வட்டமாகக் கூடி ஆடியதையும், முதியவர் ஒருவர் முரசின்மீது ஏறியமர்ந்து கைகளால் வாசித்ததையும் கண்டு, அக்கருவிகளின் சித்திரங்களையும் வரைந்து வைத்தார். பிற்காலத்தில் அக்கூட்டங்கள் ஓய்ந்தன. ஆனால் அந்த லயம் ஊரை விட்டுப் போகவில்லை. சவ ஊர்வலங்களிலும் பாண்டு வாத்தியத்திலும் புகுந்துகொண்டது.

அந்நகரில் 1898-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி வாரன் டாட்ஸ் பிறந்தார். தகப்பனார் பெயரும் வாரன் என்பதே. ஆகவே பிள்ளையைக் குழந்தை என்ற பொருளில் பேபி என்று அழைத்தனர். வயது ஏறி நரை விழுந்த பின்பும் அப்பெயரே நிலைத்துவிட்டது. அவர் பிறந்த காலம் அந்நகரத்துக் கறுப்பு மக்களுக்கு மிகவும் கொடிய காலம். ரயில் வண்டியில் வெள்ளையருக்கென ஒதுக்கிய பெட்டியில் 1892-ல் துணிந்து ஏறிச் சிறைப்பட்ட ஹோமர் பிளெஸ்ஸி அவ்வூர்க்காரரே. அவருடைய வழக்கில் 1896-ல் அமெரிக்கப் பெரிய நீதி ஸ்தலம் ஜாதி ஒதுக்கலைச் சட்டப்படி சரியென்று தீர்ப்பளித்துவிட்டது. இரண்டு வருஷத்துக்குப் பின் பிறந்த பேபி டாட்ஸ் தம் வாழ்நாளின் பெரும் பகுதியை அந்தத் தீர்ப்பின் நிழலிலேயே கழிக்க நேர்ந்தது.

குடும்பம் ஏழைக் குடும்பம். ஆயினும் சங்கீத ஞானம் நிறைந்தது. முன்னோர் ஒருவர் ஆப்பிரிக்க முரசு வாசித்தவர் என்ற செய்தி அவ்வீட்டில் வழங்கி வந்தது. தமையனார் ஜானி டாட்ஸுக்குத் தகப்பனார் கிளாரினெட் வாங்கிக் கொடுத்தார். பின்னாளில் அக்கருவியில் அவர் உலகப் புகழ் பெற்றார். இளையவருக்கு முரசின்மேல் ஆசை. ஆனால் ஓசையிடும் அக்கருவியை வாங்கித் தரத் தகப்பனார் இசையவில்லை. சிறுவர் சோர்ந்து போகவில்லை. பன்றிக் கொழுப்பு வரும் தகர டப்பா ஒன்றைக் கவிழ்த்து, ஆணியால் துளையிட்டு, தாயாருடைய நாற்காலிகளின் குறுக்குக் கட்டைகளைக் கழற்றிக் குச்சியாக்கிக்கொண்டு வாசித்தார். சுவரின் அடிப்பலகையைக் குதிகாலால் உதைத்தால் அது பெரிய டிரம் ஆயிற்று. வீட்டு நாற்காலிகள் என்னவாயின என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. பின்பு அவர் கூலி வேலைக்குப் போய்க் காசு சேர்த்து, தமக்கு வேண்டிய கருவிகளை ஒவ்வொன்றாக வாங்கினார். இவ்வாறு வியர்வை சிந்திச் சேர்த்த கருவியை ஒருவன் இலேசில் எறிந்துவிடுவானா?

அவ்வூர் முதியோரிடம் அவர் முறையாகப் பாடம் கேட்டார். டேவ் பெர்க்கின்ஸ், வால்டர் பிரண்டி, முதியவர் லூயி காட்ரெல் ஆகியோர் அவருக்கு வழிகாட்டினர். ஊர்வலங்களில் நடந்துகொண்டே வாசித்தும் பழகினார். நியூ ஆர்லியன்ஸ் வழக்கப்படி சவத்தோடு இடுகாட்டுக்குப் போகும்போது பாண்டுக்காரர்கள் விளம்ப காலத்தில் சோக கீதம் வாசிப்பார்கள். அப்பொழுது சிறு டிரம்மின் அடித்தோலில் அதிரும் நரம்புகளைத் தளர்த்தியோ, துணி செருகியோ அதன் குரலை மழுக்கிவிடுவார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது துணியை எடுத்துவிட்டு டிரம்காரர் முழங்குவார். உடனே துரித காலத்தில் கீதம் கிளம்பும். வழியெல்லாம் ஜனங்கள் ஆடிக்கொண்டு பின்தொடர்வார்கள். துக்கமும் ஆறுதலும் ஒரே தோலிலிருந்து பிறப்பதை இளமையிலேயே அவர் கண்டார். தோலை எவ்வளவு இறுக்க வேண்டும், எப்பொழுது தளர்த்த வேண்டும் என்னும் நுட்பமும் அந்தத் தெருக்களிலேயே அவருக்கு வந்தது.

ஊர்வலத்தில் பெரிய டிரம்முக்கு ஒருவர், சிறு டிரம்முக்கு ஒருவர், தாளத்தட்டுக்கு ஒருவர் என்று தனித்தனி ஆள் உண்டு. நாட்டிய மண்டபத்தில் அத்தனை பேருக்கு இடமும் இல்லை, கூலியும் இல்லை. ஆகவே ஒரே மனிதர் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் வாசிக்கும் முறை உண்டாயிற்று. 1909-ல் சிகாகோவில் லட்விக் சகோதரர்கள் காலால் மிதித்துப் பெரிய டிரம்மை அடிக்கும் விசையைச் சீர்திருத்தி விற்கத் தொடங்கிய பின் அம்முறை எங்கும் பரவியது. அந்த வாத்தியத் தொகுதியை உற்று நோக்கினால் உலகமே அதில் அடங்கியிருப்பது தெரியும். தாளத்தட்டுகள் துருக்கியிலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்தவை. வர்ணம் தீட்டிய பன்றித் தோலை ஆணியடித்துப் பொருத்திய டாம்டாம்கள் சீனக் குடியேறிகள் கொண்டுவந்தவை. பெரிய டிரம் ஐரோப்பியப் பட்டாளத்துடையது. மாட்டுக் கழுத்து மணியும் மரக்கட்டையும் கூட அதில் சேர்ந்தன. இவற்றையெல்லாம் ஒரே பேச்சாக இணைத்த கைகள் மட்டும் ஆப்பிரிக்க வம்சத்தாருடையவை.

1918-ல் பேபி டாட்ஸ் மிஸிஸிப்பி நதியில் ஓடிய உல்லாசக் கப்பல்களில் பேட் மாரபிள் என்பவருடைய கோஷ்டியில் சேர்ந்தார். பின்னர் உலகம் போற்றிய லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கும் அக்கோஷ்டியில் இருந்தார். வெள்ளையர் ஆட, கறுப்பர் வாசிப்பர். செயின்ட் லூயிஸில் கறுப்பு மக்கள் பிரயாணிகளாக ஏறுவதற்குத் திங்கட்கிழமை இரவு ஒன்றே ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த ஓர் இரவில் மட்டும் தம் சொந்த ஜனங்களின் முகத்தைப் பார்த்து வாசிக்கும் பாக்கியம் அவர்களுக்குக் கிடைத்தது. நதியின் ஈரக் காற்றில் கன்றுத் தோல் தொய்ந்து போகும்; வெயிலில் விறைத்துக்கொள்ளும். ஓயாமல் திருகைத் திருப்பி நாதத்தைச் சரிப்படுத்திக்கொண்டேயிருக்க வேண்டும். தோல் உலர்ந்திருக்கும்படி பெரிய டிரம்மினுள் மின்சார விளக்கை எரியவிடுவது அக்காலத்து டிரம்காரர்களின் வழக்கம்.

அந்நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் தம் சரித்திரத்தில் கூறியிருக்கிறார். வாசிக்கும்போது அவருடைய இடது கால் சும்மா தாளம் தட்டிக்கொண்டிருப்பதை, டிரம் செய்து விற்கும் வில்லியம் லட்விக் கண்டாராம். அக்காலுக்கும் வேலை கொடுக்கலாம் என்று எண்ணி, அவர் பாதத்தை அளவெடுத்துச் சென்று, காலால் மிதித்தால் ஒன்றோடொன்று மோதும் இரு தாளத்தட்டுகளைச் செய்து அனுப்பினாராம். இன்று உலகத்தில் எந்த டிரம் மேடையிலும் தவறாமல் காணப்படும் கருவிக்கு இது ஒரு முன்னோடி. தமக்கென்றே செய்து வந்த அந்தப் புதுமையைப் பேபி டாட்ஸ் சிறிது காலம் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று ஒதுக்கிவிட்டார். பிற்காலத்திலும் அதை அவர் விரும்பவேயில்லை. இது பிடிவாதம் அல்லவா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அவ்விஷயத்துக்குப் பின்னர் வருவோம்.

1921-ல் கப்பல் முதலாளிகள் தங்களுக்கு வேண்டிய வேறொரு நடையில் வாசிக்கும்படி சொன்னபோது அவரும் ஆர்ம்ஸ்ட்ராங்கும் இசையாமல் விலகினர். கலிபோர்னியாவில் இருந்த கிங் ஆலிவர் கோஷ்டியில் சேர்ந்து, 1922-ல் சிகாகோ வந்து சேர்ந்தார். லிங்கன் தோட்டம் என்ற நாட்டிய மண்டபத்தில் அக்கோஷ்டி வாசித்தது. ஆலிவரும் ஆர்ம்ஸ்ட்ராங்கும் கார்னெட், ஜானி டாட்ஸ் கிளாரினெட், டூட்ரே டிராம்போன், லில் ஹார்டின் என்னும் பெண்மணி பியானோ, முரசில் நம் சரித்திர நாயகர். தென் மாகாணங்களின் கொடுமைக்குத் தப்பி வடக்கே குடியேறிய ஆயிரக்கணக்கான கறுப்புத் தொழிலாளருக்கு அந்த மண்டபம் சொந்த ஊரின் நினைவாக இருந்தது. வெள்ளைக்கார இளைஞர் சிலரும் வந்து அவருடைய கைகளை இமைகொட்டாமல் பார்த்துப் பாடம் கற்றனர்.

டிரம் ஓசையைக் குறைப்பதற்காக ஆலிவர் அவருக்குக் கம்பித் தூரிகை கொடுத்துப் பார்த்தார். தூரிகை அவர் கைக்கு ஒத்துவரவில்லை. ஆனால் ஆலிவர் கேட்ட மிருதுவை அவர் மறுக்கவில்லை. மரக் குச்சிகளாலேயே மெல்லென வாசிக்கும் வித்தையை முயன்று கற்றுக்கொண்டார். குறை கருவியிலா, கையிலா என்ற கேள்வி வந்தபோது கையைத் திருத்திக்கொண்டார். புதிய கருவி ஒன்றை வாங்கித் தன் குறையை மூடிக்கொள்வது எளிது. பழைய கருவியின் முழுச் சக்தியையும் அறியும் வரை உழைப்பது அரிது. அவர் அரியதையே மேற்கொண்டார்.

1923-ம் வருஷம் ஏப்ரல் 5, 6 தேதிகளில் அக்கோஷ்டியார் இண்டியானா மாகாணத்தைச் சேர்ந்த ரிச்மண்ட் என்ற ஊரில் கென்னெட் கம்பெனியாருக்கு இசைத்தட்டுகள் வாசித்தனர். ஒலிவாங்கி வழக்கத்துக்கு வராத காலம் அது. பெரிய கொம்பு ஒன்றின் முன் நின்று வாசித்தால் அந்த அதிர்ச்சி ஊசி வழியாக மெழுகில் பதியும். பெரிய டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும். ஆகவே பேபி டாட்ஸ் மரக்கட்டைகளோடு திருப்தியடைய நேர்ந்தது. அக்காலத்து ஜாஸ் சங்கீதத்தின் தலைசிறந்த சாசனம் என்று இன்றும் போற்றப்படும் அத்தட்டுகளில் அக்காலத்தின் தலைசிறந்த முரசு வித்வானுடைய முரசு இல்லை. 1740-ல் சட்டசபை முரசை வாய்மூடச் செய்தது. 1923-ல் யந்திரம் அதையே செய்தது. யந்திரத்துக்குத் துவேஷம் இல்லை என்பது உண்மை. ஆயினும் தட்டை மட்டும் கேட்டவர்கள், அந்த மண்டபத்தில் பேரொலியாக எழுந்ததைச் சின்னக் கட்டையின் டக்டக் ஓசையாகவே அறிந்தார்கள். பதிவில் இல்லாதது நடக்கவே இல்லை என்று பின்வந்தோர் எண்ணிவிடுவது சரித்திரத்தில் அடிக்கடி நேரும் அநீதி.

அவர் வாசிப்பின் தன்மையைச் சிறிது விவரிப்பது அவசியம். டிரம்முக்குச் சுருதி இல்லை என்று எண்ணுவோரை அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். ஒவ்வொரு தோலையும் மற்றத் தோலோடு பொருத்திக் குரல் சேர்த்து வைப்பார். அக்காலத்துப் பெரிய டிரம்களில் 28 அங்குலக் குறுக்களவு சாதாரணம். அதன் நாதம் ஆழ்ந்து பரந்து மற்றக் கருவிகளுக்கு அடித்தளம் போல் நிற்கும். பிற்கால ஜாஸ் மேடைகளில் 18, 20 அங்குலத்துக்கு அது சுருங்கியபோது வேகத்துக்கு வசதி உண்டாயிற்று, அடித்தளம் குறைந்தது. சிறு டிரம்மில் குச்சிகளை அழுத்தித் தொடர் உருட்டாக வாசிப்பது பேபி டாட்ஸின் தனிச் சிறப்பு. மரச்சட்டம், மணி, கட்டை, தட்டின் ஓரம், தட்டின் குமிழ் என்று ஒவ்வோரிடத்துக்கும் ஒவ்வொரு நிறம் உண்டு. கிளாரினெட் முன்வரும்போது ஒரு நிறம், டிராம்போன் வரும்போது வேறு நிறம், பியானோ மெல்ல வரும்போது மற்றொன்று என்று மாற்றிக்கொண்டே போவார். பக்கவாத்தியக்காரனுடைய தர்மம் தன்னைக் காட்டுவதன்று. உடன் வாசிப்பவரின் சுபாவத்தை அறிந்து அவருக்கு உற்சாகமூட்டுவதே என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய கொள்கை. இடைவிடாமல் ஒரே ஓசையில் காலத்தைக் காட்டும் கால் தாளத்தட்டு அவருக்கு ஏன் பிடிக்கவில்லை என்பது இங்கே நமக்கு விளங்குகிறது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வார்த்தை சொல்ல விரும்பியவருக்கு எல்லாருக்கும் ஒரே வார்த்தை சொல்லும் கருவி எதற்கு?

1924-ல் பணத் தகராறினால் ஆலிவர் கோஷ்டி கலைந்தது. பின்னும் சில வருஷங்கள் சிகாகோவில் நல்ல காலமே. 1927 மே மாதத்தில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் எழுவர் கோஷ்டியிலும், அடுத்த மாதத்தில் ஜெல்லி ரோல் மார்ட்டனோடும் தட்டுகள் வாசித்தார். மின்சாரப் பதிவு வந்துவிட்டபடியால் அவர் கைத்திறம் ஓரளவு கேட்கத் தொடங்கியது. 1928-ல் தமையனாருடைய சிறு கோஷ்டியில் துணி துவைக்கும் அலைப்பலகையையே வாத்தியமாகக் கொண்டு வாசித்தார். தகர டப்பாவில் தொடங்கியவருக்கு அது புதுமையன்று.

1929-ல் தொடங்கிய வியாபார மந்தம் எல்லாவற்றையும் குலைத்தது. மண்டபங்கள் மூடப்பட்டன, ரேடியோவும் பேசும் படமும் வித்வான்களின் பிழைப்பைப் பறித்தன. சகோதரர்கள் டாக்ஸி வியாபாரத்தில் இறங்கிக் காலம் தள்ளினர். கிடைத்த இரவுகளில் வாசித்தனர். அதே வருஷங்களில் சிகாகோவில் அவரைப் பார்த்துப் பயின்ற வெள்ளை இளைஞர் ஜீன் குரூப்பா அமெரிக்கா முழுவதும் கொண்டாடும் டிரம் வீரராக உயர்ந்தார். 1938 ஜனவரி 16-ந் தேதி நியூயார்க் கார்னெகி மண்டபத்தில் பென்னி குட்மன் கோஷ்டியோடு அவர் வாசித்தது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. டிரம் கம்பெனியார் அவர் படம் போட்டு விளம்பரம் செய்தனர். சீன டாம்டாம் போய், இருபுறமும் திருகு வைத்துச் சுருதி சேர்க்கும் புதிய டாம்டாம் வந்தது. குரூப்பா நன்றி மறந்தவர் அல்லர். பேபி டாட்ஸிடம் தாம் பட்ட கடனை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஆனால் மாணவர் நன்றி சொன்னதால் சந்தையின் அநீதி நீங்கிவிடாது. விதைத்தவர் வாடகை வண்டியில் காத்திருந்தார்; விளைச்சல் வேறு களஞ்சியத்துக்குப் போயிற்று. 1940 ஆகஸ்டு 8-ந் தேதி தமையனார் ஜானி டாட்ஸ் காலமானார்.

பழையது செத்தது என்று உலகம் முடிவு கட்டிய சமயத்தில் சிலர் அதைத் தேடிப் புறப்பட்டனர். வில்லியம் ரஸ்ஸல் என்ற ஆராய்ச்சியாளர், பல்லிழந்து வயலில் உழைத்துக்கொண்டிருந்த பங்க் ஜான்ஸன் என்னும் முதிய வித்வானை மறுபடியும் வாசிக்கச் செய்தவர்களில் ஒருவர். 1944-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து சான் ஜஸின்டோ மண்டபத்தில் அவர்களோடு வாசிக்க பேபி டாட்ஸ் அழைக்கப்பட்டார். தாம் பிறந்த ஊரில், தம் பழைய கருவிகளோடு, பழைய தோழர்கள் நடுவில் உட்கார்ந்து வாசித்தார். இம்முறை யந்திரம் அவர் முரசைக் கேட்டது. அடுத்த வருஷம் செப்டம்பரில் அக்கோஷ்டி நியூயார்க்கில் ஸ்டைவசன்ட் கேஸினோ மண்டபத்தில் வாசிக்கத் தொடங்கியபோது புதிய தலைமுறை திரண்டு வந்து கேட்டது.

1946-ல் நடந்ததை நாம் தனியாகக் குறிப்பிட வேண்டும். பிரடெரிக் ராம்ஸி என்பவர் பேபி டாட்ஸைத் தனியே உட்காரவைத்து, அவருடைய முரசுகளை மட்டும் பதிவு செய்தார். ஒவ்வொரு கருவியையும் எடுத்துக் காட்டி, அதன் உபயோகத்தை அவரே தம் வாயால் விளக்கி, பிறகு வாசித்தும் காட்டினார். 1951-ல் போக்வேஸ் ஸ்தாபனத்தார் அதை வெளியிட்டனர். ஜாஸ் முரசு ஒன்றையே தனி ஆவர்த்தனமாக இசைத்தட்டில் கொணர்ந்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. ராகம் இல்லை, பாட்டு இல்லை. தோல், மரம், உலோகம் மூன்றே. கேட்பவர் காதில் அது ஒரு கதை போல வளர்கிறது. இருபத்து மூன்று வருஷங்களுக்கு முன் ரிச்மண்டில் வெளியே நிறுத்தப்பட்ட முரசு, தடையின்றித் தன் வாயால் தானே பேசியது. அந்த வேளையில் பழைய கருவிகளை அவர் கைவிட்டிருந்தால், அல்லது நாகரிகத்துக்கு இசைய மாற்றியிருந்தால், பேசுவதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிராது.

1948-ல் பிரான்ஸ் தேசத்தில் நீஸ் நகரில் நடந்த ஜாஸ் விழாவுக்கு அவர் சென்றார். உள்நாட்டில் கறுப்பு மனிதனுக்குக் கிடைக்காத மரியாதை கடல் கடந்த நாட்டில் கிடைத்தது. அடுத்த வருஷத்திலேயே பக்கவாதம் கண்டது; 1950-ல் மறுபடியும் கண்டது. கைகள் முன்போல் ஓடவில்லை. ஆயினும் 1957 வரையில் இயன்றபோதெல்லாம் வாசித்தார்.

நோயுற்றிருந்த அவரிடம் 1953-ல் லாரி காரா என்ற சரித்திர ஆசிரியர் சென்று, அவர் சொல்லச் சொல்ல ஜீவிய சரித்திரத்தை எழுதிக்கொண்டார். இந்த காரா யார் என்பது நம் வாசகர்களுக்கு ருசிகரமாயிருக்கும். இரண்டாவது உலக யுத்தத்தில் ஆயுதம் எடுக்க மனச்சாட்சி இடந்தராமையால் படையிற் சேர மறுத்துச் சிறை புகுந்த அஹிம்சாவாதி அவர். அடிமைகள் வடக்கே தப்பியோடிய வரலாற்றைப் பிற்காலத்தில் ஆராய்ந்து, தப்புவித்த வெள்ளையர்களின் புகழுக்குள் தப்பிய அடிமைகளின் சொந்த வீரம் மறைந்துபோனதை 1961-ல் ஒரு நூலாக எழுதி நிலைநாட்டியவரும் அவரே. இத்தகையவர் ஒரு முரசு வித்வானின் நாட்கள் வீண்போகாமல் காத்தார். சரித்திரம் என்பது மந்திரிகளுக்கும் தளகர்த்தர்களுக்கும் மட்டும் உரியதன்று என்பதை அவர் செயலால் காட்டினார்.

1959 பிப்ரவரி 14-ந் தேதி சிகாகோவில் பேபி டாட்ஸ் காலமானார். அவர் வாசிப்பை நிறுத்திய அதே 1957-ம் வருஷத்தில்தான் அமெரிக்கக் கடைகளில் பிளாஸ்டிக் டிரம் தோல் விற்பனைக்கு வந்தது. அது மழையில் தொய்வதில்லை, வெயிலில் விறைப்பதில்லை, விலையும் மலிவு. சில வருஷங்களில் கன்றுத் தோல் மேடையை விட்டு மறைந்தது. புதிய தோலால் ஏழை வித்வான்களுக்கு உண்டான நன்மையை நாம் மறுக்கவில்லை. ஊர் ஊராக அலையும் மனிதன் இரவெல்லாம் திருகைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டிய துன்பம் நீங்கியது நல்லதே.

அவரிடம் குறைகள் இல்லாமலில்லை. இளமையில் மதுப் பழக்கம் இருந்தது, கோபமும் வரும். அவர் ஒதுக்கிய கால் தாளத்தட்டை உலகம் ஏற்றுக்கொண்டது. அதை வைத்து மேதைகள் பலர் அற்புதங்களை நிகழ்த்தினர். ஆகவே புதுமையை மறுத்ததில் அவர் சொன்னதே எல்லாருக்கும் நியாயம் என்று நாம் வாதாட வரவில்லை. தமக்கு அது வேண்டாம் என்றார். வேண்டாமைக்கு அவரிடம் தகுந்த காரணம் இருந்தது. காரணமின்றிப் பழமையைக் கட்டியழுவதும், காரணமின்றிப் புதுமையின் பின்னே ஓடுவதும் ஒரே சோம்பலின் இரு வடிவங்கள். அவர் இரண்டுக்கும் புறம்பாக நின்றார்.

பழைய டிரம்களைத் தேடும் அமெரிக்க வித்வான்களுக்கு இவ்விடத்தில் நாம் ஒன்று சொல்லத் துணிகிறோம். அவர்கள் செய்வது நல்ல காரியம். ஆனால் பழைய டிரம்முக்குப் பெரும் விலை கொடுத்து வாங்கி, கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்து, தயாரித்த கம்பெனியின் பெயரையும் வருஷத்தையும் மட்டும் உருப்போடுவோர், அதைக் கூலி வேலை செய்து வாங்கியவனையும், அவனுக்கு வாரத்தில் ஓர் இரவு மட்டும் ஒதுக்கிய கப்பலையும் மறந்துவிடலாகாது. கருவியைக் காத்துக் கைகளை மறப்பது பாதிக் காப்பே.

பொதுக் காரியத்தில் உழைக்கும் நம் வாசகர்களுக்கும் இச்சரித்திரம் உபயோகமானது. எந்த இயக்கத்திலும் முன்னே நின்று பாடுகிறவர் பெயர் தட்டில் பதிகிறது; பின்னே காலப்பிரமாணம் தவறாமல் தாங்கி நிற்பவர் பெயர் பதிவதில்லை. பதியாமற் போனாலும் அவர் கையை நிறுத்தினால் பாட்டு நின்றுவிடும். நியூ ஆர்லியன்ஸ் தெருவில் தகர டப்பாவைத் தட்டிய சிறுவர் ஏறக்குறைய அறுபது வயது வரையில் கையை நிறுத்தவில்லை. யந்திரம் கேட்காதபோதும், சந்தை மதிக்காதபோதும், பக்கவாதம் கைகளைப் பற்றியபோதும் தம் முரசுகளைச் சுருதி சேர்த்தே வைத்திருந்தார். கேட்கும் நாள் வந்தபோது அவை ஆயத்தமாக இருந்தன. அவரை நாம் வணங்குகிறோம்.